உள்ளங்கையில் ஒரு மக்ரூன்

நாற்பத்தேழு வயதில் எம்.பி.ஏ. படிக்கப் போகிறேன் என்று சொன்னபோது என் மனைவி சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் விட்டிருப்பேன். "ஞாயித்துக்கிழம கல்லாவுல யாரு உக்காருவா?" என்று மட்டும் கேட்டாள். அதற்கு ஒரே ஒரு பதில்தான் உண்டு, அது அவளுக்கும் தெரியும். அப்படியாக நான் மாணவனாகவும் அவள் ஞாயிற்றுக்கிழமை முதலாளியாகவும் ஒரே நாளில் பொறுப்பேற்றோம்.

எங்களுக்குத் தூத்துக்குடியில் ஒரு பேக்கரி இருக்கிறது. ரொட்டி, பன், ரஸ்க், உப்பு பிஸ்கட் எல்லாம் உண்டு என்றாலும் கடை ஓடுவது மக்ரூனால்தான். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: முந்திரிப்பருப்பைப் பொடித்து, சீனியும் முட்டையின் வெள்ளைக்கருவும் சேர்த்து நுரை பொங்க அடித்து, கூம்பு கூம்பாகப் பிழிந்து, தணிந்த சூட்டில் வெகுநேரம் வைத்து எடுப்பது. வாயில் போட்டால் கரைந்துவிடும். முட்டை என்ற சொல்லை இங்கே எவ்வளவு சாதாரணமாக எழுதிவிட்டேன், பாருங்கள். அதையே கடையில் நின்று சொல்வதற்கு எனக்கு ஓராண்டு வகுப்பு தேவைப்பட்டது.

வகுப்பில் முப்பது பேர். துறைமுகத்தில் கன்டெய்னர் இறக்குவதை மேற்பார்வையிடுகிறவர்கள், சரக்கைச் சுங்கத்தில் விடுவித்துக் கொடுக்கும் ஏஜென்சிக்காரர்கள், வங்கி ஊழியர்கள், உப்பளக்காரர் ஒருவர். என் பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தது ஒரு கப்பல் கம்பெனி அலுவலகத்தில் வேலை பார்க்கும் பெண். முப்பது வயதிருக்கும். கடற்கரையோரத்துக் கத்தோலிக்கக் குடும்பம், அண்ணன் தம்பி எல்லோரும் கப்பலில். எதையும் முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிற பெண். அவள்தான் முதலில் என்னை அண்ணாச்சி என்று கூப்பிட்டாள், மதியத்துக்குள் முப்பது பேருக்கும் நான் அண்ணாச்சி ஆகிவிட்டேன்.

பாடம் நடத்தும் மேடம் மட்டும் என்னை 'சார்' என்பார். தஞ்சாவூர்ப் பக்கம், என்னைவிடப் பத்து வயதாவது இளையவர். குரலை உயர்த்தவே மாட்டார். எதிரே நின்று ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பேசாமல் காத்திருப்பார். அந்தக் காத்திருப்பைத் தாங்க முடியாமலேயே பாதிப்பேர் உளறுவோம்.

முதல் நாள் கையை வீசிக்கொண்டு போக எனக்கு மனம் வரவில்லை. மொத்த வகுப்புக்கும் மக்ரூன் கொண்டுபோனேன். மேடத்துக்கென்று தனியாக ஒரு பெட்டி, நூல் போட்டுக் கட்டி மேஜையில் வைத்தேன். "தேங்க்ஸ் சார், அங்கேயே இருக்கட்டும்" என்றார். அது சாயங்காலம் வரை கட்டுப் பிரியாமல் அங்கேயே இருந்தது. போகும்போது வாசலில் இருந்த வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுப் போனதை நான் பார்த்தேன். எனக்குச் சுருக்கென்றது. படித்தவர்களுக்குத் தலைக்கனம் இருக்கத்தான் செய்யும் என்று வீட்டுக்கு வந்து புலம்பினேன். "ஒருவேள சுகர் இருக்கும்" என்றாள் என் மனைவி. எனக்கு அந்த விளக்கம் பிடிக்கவில்லை, கோபப்பட முடியாமல் போய்விடும் என்பதால்.

வகுப்பில் எனக்கு மிகவும் பிடித்தது கேஸ் ஸ்டடிதான். ஏதோ ஒரு கம்பெனி, அதற்கு ஒரு சிக்கல், நான்கைந்து பக்கத்தில் ஆங்கிலத்தில் அச்சடித்துக் கொடுப்பார்கள். பெயர் இருக்காது. 'கம்பெனி ஏ' என்றோ 'ஒரு நடுத்தர நிறுவனம்' என்றோ இருக்கும். சிக்கல் எது, என்னென்ன வழிகள் உண்டு, நீங்கள் முதலாளியாக இருந்தால் எதைத் தேர்ந்தெடுப்பீர்கள் என்று நாம் சொல்ல வேண்டும். ஊரில் உள்ள கடைகளைப் பற்றி அண்டை வீட்டாரிடம் வாய் கிழியப் பேசுவதற்குப் பல்கலைக்கழகமே மதிப்பெண் தருகிறது என்றால் யாருக்குத்தான் கசக்கும்? சோப்புக் கம்பெனியைத் திட்டினேன். செருப்புக் கம்பெனிக்கு விளம்பரம் செய்யத் தெரியவில்லை என்றேன். ஒரு விமானக் கம்பெனியை இழுத்து மூடச் சொல்லிவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போனேன்.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. கேஸின் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் மட்டும்தான் படிப்பேன். இருபத்தைந்து வருடமாக மைதாவுக்கும் சீனிக்கும் வருகிற பில்லை அப்படித்தான் பார்க்கிறேன், மேலே யார் பெயர், கீழே எவ்வளவு. நடுவில் இருப்பதைப் படிக்கிறவன் கடை நடத்த முடியாது என்பது என் கட்சி. பக்கத்து பெஞ்சுப் பெண் ஒவ்வொரு வரியாகப் பென்சிலால் கோடு போட்டுப் படிப்பாள். "கப்பல் பேப்பர்ல ஒரு வரி விட்டா கப்பலே நின்னுரும் அண்ணாச்சி" என்பாள். பேக்கரியில் அப்படி எதுவும் நிற்காது என்று நான் சொல்வேன்.

மார்க்கெட்டிங் பாடத்தில் அவரவர் தொழிலிலிருந்து ஒரு உத்தியைப் பற்றி எழுதச் சொன்னார்கள். நான் எங்கள் கடையின் வழக்கத்தை எழுதினேன். அப்பா காலத்திலிருந்து உள்ளது அது. கடை வாசலில் நின்று யாராவது கேள்வி கேட்டால், வாயால் பதில் சொல்வதில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் கையை விட்டு ஒரு மக்ரூனை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்து, "தின்னு பாத்துட்டுச் சொல்லுங்க" என்போம். நல்லா இருக்குமா? உள்ளங்கையில் ஒன்று. எத்தனை நாள் கெடாம இருக்கும்? உள்ளங்கையில் ஒன்று. தின்ற பிறகு கேள்வியை யாரும் திரும்பக் கேட்பதில்லை, கால் கிலோ, அரைக் கிலோ என்றுதான் கேட்பார்கள். இதை நான்கு பக்கத்துக்குப் பெருமையாக எழுதினேன். தாள் திரும்பி வந்தபோது மேடம் நல்ல மதிப்பெண் போட்டு, கீழே சிவப்பு மையில் ஒரு வரி எழுதியிருந்தார்: 'சிறந்த உத்தி. ஆனால் எந்தக் கேள்விக்கு?'

எனக்குப் புரியவில்லை. எல்லாக் கேள்விக்கும்தான் என்று நினைத்துக்கொண்டு தாளை மடித்து வைத்துவிட்டேன்.

எத்திக்ஸ், அதாவது தொழில் நெறிமுறை, இரண்டாவது பருவத்தில் வந்தது. மழைக்காலம். வெளியே தண்ணீர் தேங்கி நின்ற ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாதி வகுப்பு வேட்டியையும் பேன்ட்டையும் மடித்துக்கொண்டு வந்து சேர்ந்தது. மேடம் நான்கு பக்கக் கேஸ் ஒன்றைக் கொடுத்தார். ஒரு மலையூரில் ஒரு ரொட்டிக்கடை. அங்கே செய்யும் ஒரு பிஸ்கட்டுக்கு நல்ல பெயர். அதில் கொஞ்சம் விலங்குக் கொழுப்பு சேரும். உள்ளூர்க்காரர் எல்லோருக்கும் அது தெரியும், சுற்றுலா வருகிறவர்களுக்குத் தெரியாது. கடைக்காரர் யாரிடமும் பொய் சொல்வதில்லை, யாரிடமும் வாய் திறந்து சொல்வதுமில்லை. சைவம் சாப்பிடுகிற ஒரு வாடிக்கையாளர் வாங்கித் தின்றுவிட்டு, பல மாதம் கழித்துத் தெரிந்துகொள்கிறார். இது முதல் பக்கம். கடைசிப் பக்கத்தில் கேள்வி: கடைக்காரர் செய்தது சரியா?

நம் தொழில் வேறு வந்திருக்கிறதே என்று எனக்கு உற்சாகம் பொங்கியது. முதல் ஆளாக எழுந்து நின்றேன்.

"இதுல யோசிக்க என்ன மேடம் இருக்கு? அவனக் கடையப் பூட்டச் சொல்லணும்."

"அவர் பொய் சொல்லலையே சார்?"

"பொய் சொல்லலேன்னா? வாய மூடிக்கிட்டு இருந்தாம்லா? அது பொய்யவிட மோசம்லா?"

மேடம் திரும்பிக் கரும்பலகையில் எழுதினார்: பொய்யைவிட மோசம்.

"அவர் ஏன் சொல்லாம இருந்தார்னு நினைக்கறீங்க?"

"சரக்கு போகணும்னுதான். வேற என்ன? பேராச. ஒரு மனுசன் சைவம்னா அது அவன் பெறந்த வளந்த வழக்கம். அத இவன் ஒரு பிஸ்கட்டுக்காகக் கெடுத்துட்டான். எங்க ஊரா இருந்தா கடைக்கு முன்னால நின்னு நாலு கேள்வி கேட்டிருப்பேன்."

பேராசை என்றும் எழுதினார். எனக்கு முன்னால் என் வார்த்தைகள் அழகான கையெழுத்தில் வரிசையாக ஏறிக்கொண்டிருந்தன. இப்படி ஒரு கௌரவம் பள்ளிக்கூடத்தில்கூட எனக்குக் கிடைத்ததில்லை. விடாமல் பத்து நிமிடம் பேசினேன். கடைசியாக, திருட்டுப்பய என்றும் சொன்னேன். அதற்கு மட்டும் மேடம் சாக்பீஸை நிறுத்தி, "எழுதட்டுமா?" என்று கேட்டார். "தாராளமா எழுதுங்க" என்றேன்.

அப்போதுதான் பக்கத்து பெஞ்சுப் பெண் என் சட்டையைப் பிடித்து மெதுவாக இழுத்தாள்.

"அண்ணாச்சி, மூணாம் பக்கம் வாசிச்சியளா?"

"எதுக்கு?"

"வாசிங்க."

நின்றபடியே அவள் தாளை வாங்கிப் புரட்டினேன். அவள் பென்சிலால் கோடு போட்ட இடம் தெரிந்தது. கேஸில் வரும் சைவ வாடிக்கையாளர், ஒரு பெண், கடைக்கு முன்னால் நின்று, 'இதுல என்ன இருக்கு?' என்று கேட்கிறார். கடைக்காரர் பதில் சொல்லவில்லை. கண்ணாடிப் பெட்டியிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்து ஒரு வாக்கியம் சொல்கிறார். கேஸ் முழுக்க ஆங்கிலம், அந்த ஒரு வாக்கியம் மட்டும் ஆங்கில எழுத்தில் தமிழாகவே இருந்தது. தின்னு பாத்துட்டுச் சொல்லுங்க.

மலையூர்க்காரன் எவனும் அப்படிச் சொல்ல மாட்டான். நான் மலைக்குப் போனதே கல்யாணம் ஆன புதிதில் ஒரே தடவை, அங்கே யார் கையிலும் எதையும் வைக்கவில்லை. பிஸ்கட் மக்ரூன் ஆனது, கொழுப்பு வெள்ளைக்கரு ஆனது, மலை இறங்கி எங்கள் கடைக்கு வந்து நின்றது. காது இரண்டும் சுட்டன. கரும்பலகையைப் பார்த்தேன். பொய்யைவிட மோசம், பேராசை, கெடுத்துவிட்டான், திருட்டுப்பய. எல்லாம் என் வாயால் சொன்னது, ஒரு எழுத்துப் பிழையில்லாமல் அங்கே இருந்தது.

"முடிச்சுட்டீங்களா சார்?"

"முடிச்சிட்டேன் மேடம்" என்று சொல்லி உட்கார்ந்தேன். மற்றவர்களுக்கு எதுவும் தெரியவில்லை. உப்பளக்காரர் எழுந்து, அண்ணாச்சி சொன்னதைத் தானும் வழிமொழிவதாகவும், இப்படிப்பட்டவர்களால்தான் நல்ல வியாபாரிகளுக்கும் கெட்ட பெயர் என்றும் சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன், வேறு என்ன செய்வது? இடைவேளையில் பக்கத்து பெஞ்சுப் பெண் டஸ்டரை எடுத்துக்கொண்டு வந்து, "அழிச்சிருவமா அண்ணாச்சி?" என்று கேட்டாள். அவள் உதடு துடித்துக்கொண்டிருந்தது. சிரிப்பை அடக்குகிறாள் என்று தெரிந்ததும் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் உள்ளே சிரிக்கவில்லை.

வகுப்பு முடிந்து எல்லோரும் போகும்வரை காத்திருந்தேன். மேடம் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"மேடம், அந்தக் கடைக்கு வந்த பொம்பளையாளு யாரு?"

"நான்தான் சார்."

அது எனக்கும் எப்படியோ தெரிந்துவிட்டிருந்தது. மூன்றரை வருடத்துக்கு முன்னால் கல்லூரியில் வேலைக்குச் சேர வந்த அன்று, இந்த ஊரில் என்ன விசேஷம் என்று ஆட்டோக்காரரிடம் கேட்டு எங்கள் கடைக்கு வந்திருக்கிறார். இதுல என்ன இருக்கு என்று கேட்டிருக்கிறார். நான் பதில் சொல்லவில்லை, உள்ளங்கையில் வைத்திருக்கிறேன். எனக்கு அந்த முகம் துளியும் நினைவில்லை. ஒரு நாளில் எத்தனை உள்ளங்கை.

"ரொம்ப நல்லா இருந்தது. அதான் பிரச்சினையே" என்றார் மேடம். "ஒரு கிலோ வாங்கி ஊருக்கு எடுத்துட்டுப் போனேன். எங்க அப்பா தினமும் காலையில பூஜை முடிச்சுட்டு ஒண்ணு எடுத்துப்பார். தீர்ற வரைக்கும். அப்புறம் ஆறு மாசம் கழிச்சு ஹாஸ்டல்ல ஒருத்தங்க சொல்லித்தான் தெரிஞ்சது."

"அப்பாட்ட சொன்னியளா?"

"எப்படிச் சொல்றது? எழுபது வயசு வரைக்கும் முட்டையைத் தொடாத மனுஷர். போன் பண்ணும்போதெல்லாம், அந்த முந்திரி ஸ்வீட் வாங்கிட்டு வாயேன்ம்பார். அந்தக் கடையை மூடிட்டாங்கப்பான்னு சொல்லிட்டேன். மூணு வருஷமா மூடித்தான் வெச்சிருக்கேன்."

எனக்கு இதற்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. தினமும் விடியும் முன்னே கதவு திறக்கிற என் கடை, தஞ்சாவூரில் ஒரு வீட்டில் மூன்று வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது. நான் வாயை மூடியதற்கு ஒரு மனுஷி தன் தகப்பனிடம் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறார். முதல் நாள் கட்டுப் பிரியாமல் இருந்த பெட்டி ஞாபகம் வந்தது. தலைக்கனம் என்று வீட்டில் உட்கார்ந்து சொன்னதும் ஞாபகம் வந்தது. வெட்கமாக இருந்தது, நன்றாகவே வெட்கமாக இருந்தது.

"என்னப் புடிக்கத்தான் கேஸ் எழுதினியளா மேடம்?"

"ஐயோ, இல்லை. எழுதி ரெண்டு வருஷம் ஆச்சு. நீங்க என் வகுப்புலயே வந்து சேருவீங்கன்னு நான் கண்டேனா? யாருன்னு தெரியக் கூடாதுன்னுதான் மலைக்கு மாத்தினேன். மூணாம் பக்கத்தைப் படிச்சதும் உங்களுக்குத் தெரிஞ்சுடும், தனியா வந்து பேசுவீங்கன்னு நினைச்சேன். நீங்க முதல்ல எழுந்து திட்ட ஆரம்பிச்சுட்டீங்க. நிறுத்தறதுக்கும் எனக்கு வழி தெரியலை."

மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். அவர் தலையாட்டினார். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுத்துப் பூர்வமான ஆய்வு வேண்டும், பக்க அளவு எட்டு, தாமதித்தால் மதிப்பெண் குறையும் என்றார். மேடம் மேடம்தான்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கடையில் போர்டு வைக்கப் போகிறேன் என்றும் சொன்னேன். அவள் கையில் இருந்த காப்பியை மேஜையில் வைத்தாள்.

"ஊருக்கே தெரிஞ்சதுக்குப் போர்டா? கிறுக்கா பிடிச்சிருக்கு?"

"வெளியூர்க்காரவளுக்குத் தெரியாதுல்லா?"

"திருச்செந்தூர் வேன் எல்லாம் நம்ம கடையிலதான நிக்கி? பாதிப்பேரு வெரதம். போர்டப் பாத்தா எறங்குவாளா?"

அவள் கேட்டதில் தப்பில்லை. திருச்செந்தூர் போய்த் திரும்புகிற வேன்கள்தான் எங்களுக்குப் பெரிய வியாபாரம். சாமி கும்பிட்டுவிட்டு வருகிறவர்கள், வீட்டில் உள்ளவர்களுக்கு என்று கிலோக் கணக்கில் வாங்குவார்கள். எடை போட்டு அட்டைப் பெட்டியில் கட்டிக் கொடுக்கிற சரக்கு, சைவமா அசைவமா என்று காட்டும் பச்சைப் புள்ளி பழுப்புப் புள்ளி எதுவும் அதில் கிடையாது. அவர்களில் எத்தனை பேர் வீட்டில் பூஜை முடித்துவிட்டு ஒன்று எடுத்துக்கொள்கிற அப்பா இருப்பார் என்று அதுவரை நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. நினைத்துவிட்ட பிறகு நினைக்காமல் இருக்க முடியவில்லை. "கிறிஸ்மஸ் சீசன் முடியட்டும், பொறவு வையுங்க" என்று அவள் கடைசியாக இறங்கி வந்தாள். அதுவும் நியாயமான வழிதான், கேஸில் அதை இரண்டாம் மாற்று என்று எழுதலாம். நான் மறுநாளே வைத்துவிட்டேன். எனக்கு ஒரு வேகம் வந்தால் அப்படித்தான்.

'மக்ரூன்: முந்திரி, சீனி, முட்டை வெள்ளைக்கரு.' அவ்வளவுதான் போர்டு. கல்லாவுக்கு மேலே, கண்ணில் படுகிற உயரத்தில்.

வெளியூர்க்காரர்களைவிட உள்ளூர்க்காரர்கள்தான் என்னைப் பாடாய்ப் படுத்தினார்கள். வருகிறவர்கள் எல்லாம் போர்டை உரக்க வாசித்தார்கள். "அண்ணாச்சி, அப்படியே துறைமுகத்துல போயி, கடல்தண்ணியில உப்பு உண்டுன்னு ஒரு போர்டு வச்சிட்டு வாங்க" என்றார் ஒருவர். அன்று முழுக்க ஆள் மாற்றி ஆள் அதையே சொன்னார்கள். வேன்காரர்கள் சிரிக்கவில்லை. முதல் வாரம் ஒரு வேனிலிருந்து பதினைந்து பேர் இறங்கினார்கள். முன்னால் வந்த அம்மா போர்டைப் படித்துவிட்டுத் திரும்பி, "முட்டை போட்டதாம், வேண்டாம்" என்றார். பதினைந்து பேரும் ஒருவர் பின் ஒருவராக வேனில் ஏறிக்கொண்டார்கள். என் மனைவி என்னைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை, உள்ளே போய் ரஸ்க் அடுக்கினாள். சொல்லியிருந்தால் தேவலை.

அந்தக் கிறிஸ்மஸுக்கு மக்ரூன் குறைந்துதான் போனது. மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் இரண்டாவது வாரத்திலேயே என் மனைவி வேறொன்று செய்தாள். உப்பு பிஸ்கட்டையும் ரஸ்கையும் வாசல் பக்கம் முன்னுக்குக் கொண்டுவந்து, மேலே இன்னொரு போர்டு மாட்டினாள்: 'இதில் முட்டை இல்லை.' வேனிலிருந்து இறங்கியவர்கள் அங்கே கை நீட்டினார்கள். வகுப்புக்குப் போனது நான், படித்தது அவள்.

எட்டுப் பக்க ஆய்வை நான் உருகி உருகி எழுதினேன். அந்தக் கடைக்காரன் நானேதான் என்று தொடங்கி, என் குற்றம், என் வருத்தம், போர்டு, வேன் எல்லாம் எழுதினேன். எழுதும்போது இரண்டு இடத்தில் கண் கலங்கியது. இருபதுக்குப் பதினொன்று வந்தது. 'உணர்ச்சி அதிகம், மாற்று வழிகளின் ஒப்பீடு இல்லை' என்று சிவப்பு மையில் இருந்தது. பக்கத்து பெஞ்சுப் பெண்ணுக்குப் பதினெட்டு. ஆத்திரமாக வந்தது. அவளுடைய தாளை வாங்கி, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒரு வரி விடாமல் படித்தேன். 'வாடிக்கையாளர் தன் தந்தையிடம் உண்மையைச் சொல்ல வேண்டுமா? அதைக் கடைக்காரர் தீர்மானிக்க முடியாது. ஆனால் கேட்டால் பதில் சொல்லும் கடமை அவருக்கு உண்டு' என்று ஆறாம் பக்கத்தில் எழுதியிருந்தாள். அந்தத் தந்தை கேஸின் இரண்டாம் பக்கத்திலேயே இருந்திருக்கிறார், நான் புரட்டாத பக்கம். எனக்கு அது தோன்றவே இல்லை. பதினெட்டு சரிதான்.

பொங்கல் விடுமுறைக்கு முந்தின சனிக்கிழமை, மத்தியானம், கடையில் கூட்டம் இல்லாத நேரம். மேடம் கையில் பயணப் பையோடு வந்து நின்றார். ஊருக்குப் போகிற வழி. நான் எழுந்தேன். அவர் போர்டை நிமிர்ந்து பார்க்கவில்லை. கண்ணாடிப் பெட்டியைக் காட்டி, "இதுல என்ன இருக்கு?" என்று கேட்டார்.

நம்ப மாட்டீர்கள், என் கை பெட்டிக்குள் போய்விட்டது. ஒரு மக்ரூனைப் பிடித்தும்விட்டது. இருபத்தைந்து வருடப் பழக்கம் எட்டுப் பக்கத்தில் போய்விடுமா? மேடம் வழக்கம்போலக் காத்திருந்தார். நான் மக்ரூனை வைத்துவிட்டுக் கையை வெளியே எடுத்து வேட்டியில் துடைத்தேன்.

"முந்திரி, சீனி, முட்டை வெள்ளைக்கரு" என்றேன். என் குரல் எனக்கே மெலிந்து கேட்டது.

"அப்போ எனக்கு வேண்டாம் சார்" என்றார் மேடம், சிரித்துக்கொண்டே. பிறகு அங்கேயே நின்று கைப்பேசியை எடுத்தார். "அப்பா, அந்த முந்திரி ஸ்வீட் கடை... மூடலைப்பா. நான்தான் அப்படிச் சொன்னேன். ஆமா, திறந்துதான் இருக்கு. கடைக்காரர் பக்கத்துலதான் இருக்கார். ஏன் பொய் சொன்னேனா? நீங்களே அவர்கிட்ட கேட்டுக்குங்கோ."

போன் என் கைக்கு வந்தது. என் மனைவி ரஸ்க் பெட்டிக்குப் பின்னால் அசையாமல் நின்றாள்.

"நமஸ்காரம்" என்றது ஒரு வயதான குரல், மிகவும் மரியாதையாக. "உங்க ஸ்வீட் அபாரம். அதுல என்ன போடறேள்?"

வலது கை மறுபடியும் பெட்டிப் பக்கம் போனது. எடுத்து எங்கே வைப்பது? போனில் உள்ளங்கை கிடையாது. தஞ்சாவூர் தூரத்துக்கு என் கை நீளாது. வாயால்தான் சொல்ல வேண்டும்.

"ஐயா, முந்திரியும் சீனியும் போடுதோம். முட்டையோட வெள்ளைக்கருவும் போடுதோம். ஒங்க மக கேட்டாங்க, நான் சொல்லல. தப்பு எம்பேருலதான், அவங்க மேல இல்ல. மன்னிச்சிக்கிடுங்க."

காத்திருப்பதை மகள் எங்கிருந்து கற்றுக்கொண்டார் என்று அப்போது புரிந்தது, இவரும் அப்படித்தான் காத்திருந்தார். நான் இனி ஒரு வார்த்தையும் கூட்டிச் சொல்லக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"ஓஹோ" என்றார் கடைசியில். ஒரு பெருமூச்சு கேட்டது. "ஒரு கிலோவும் நான்தான் தின்னேன். சரி, போனது போகட்டும். உங்க கடையில வேற என்ன இருக்கு?"

எனக்குக் கண் மங்கிவிட்டது. உப்பு பிஸ்கட் இருக்கிறது என்றேன். அதில் மைதா, டால்டா, உப்பு, ஓமம், முட்டை கிடையாது என்றேன். ரஸ்கில் என்னென்ன என்றும் சொன்னேன். அவர் ஒவ்வொன்றுக்கும் உம் கொட்டினார். "டால்டாவா?" என்று ஒரு இடத்தில் கேட்டார். ஆமாம், டால்டாதான் என்றேன். "நெய்யுன்னு சொல்லுவேள்னு பாத்தேன்" என்று சொல்லிச் சிரித்தார். உப்பு பிஸ்கட் ஒரு கிலோ கொடுத்தனுப்பச் சொன்னார்.

போனைத் திருப்பிக் கொடுக்கும்போது பார்த்தால், பேசிக்கொண்டே என் வலது கை ஒரு உப்பு பிஸ்கட்டை எடுத்து வைத்திருந்தது. மேடமும் அதைப் பார்த்தார். கேள்வி எதுவும் கேட்காமல் உள்ளங்கையை நீட்டினார்.